ரெக்கார்டு நோட்டு இன்னொன்று வேண்டாம்

கோத்தகிரி

அன்புள்ள தோழிக்கு,

ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்ந்ததும் சேராததுமாகப் பிளஸ் ஒன் ஆங்கிலத்தை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று புலம்பியிருக்கிறாய். எனக்கென்னவோ அது நல்லதாகத்தான் படுகிறது. 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்து நம் கையைக் கட்டிப்போட்டார்கள். 2025-26 கல்வியாண்டிலிருந்து அது இல்லை. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே மூச்சுவிட ஓர் ஆண்டு கிடைத்திருக்கிறது. பிளஸ் டூ பாடத்தை இப்போதே நடத்தித் தீர்த்துவிடலாம் என்று யாராவது சொல்லிக்கொண்டு வருவதற்குள் நீ முந்திக்கொள்.

போர்ட்ஃபோலியோவை, அதாவது பிள்ளைகள் ஆண்டு முழுவதும் எழுதியவற்றின் தொகுப்பை, எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். எப்படிக் கெடும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இயற்பியல் ரெக்கார்டு நோட்டு உனக்கு மறந்திருக்காது. அக்கா எழுதியதைப் பார்த்துத் தங்கை எழுதுவாள். எல்லார் நோட்டிலும் ஊசல் ஒரே நேரத்துக்கு ஆடும். பிரவுன் அட்டை, லேபிள், ஆசிரியர் கையெழுத்து, முழு மதிப்பெண். பிள்ளைகளிடம் "ஆண்டு முழுவதும் எழுதியதைத் தொகுத்துக் கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் நமக்கு வந்து சேர்வதும் அதுதான். போதாக்குறைக்கு இப்போது கைப்பேசியிடம் கேட்டால் பிழையில்லாத கட்டுரை அரை நிமிடத்தில் வந்துவிடுகிறது. அதை அழகான கையெழுத்தில் எழுதி, ஜிகினா ஒட்டி, சுருள் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அதனால் என் வகுப்பில் ஜிகினாவுக்குத் தடை. அலங்காரத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். நான் பார்க்க விரும்புவது அடித்துத் திருத்திய தாள்களை. முதல் வரைவு, அதன் மேல் விழுந்த கேள்வி, அடுத்த வரைவு என்று மூன்றும் ஒரே கிளிப்பில் இருந்தால்தான் அது தொகுப்பில் சேரும். நல்ல பிரதி மட்டும் தனியாக வந்தால் வாங்கவே மாட்டேன்.

பீட்டர் எல்போ, பாட் பெலனாஃப் என்ற இருவர் 1980களில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்து காட்டினார்கள். ஒரே அமர்வில் எழுதி முடிக்கும் தகுதித் தேர்வை எடுத்துவிட்டு, மாணவர்களிடம் தொகுப்பு கேட்டார்கள். திருத்தி எழுதியவை சில. அவற்றோடு, யார் உதவியும் இல்லாமல் வகுப்பிலேயே எழுதிய ஒன்று. அந்தத் தொகுப்பைச் சொந்த ஆசிரியர் தீர்மானிக்க முடியாது, வேறோர் ஆசிரியர் படித்துத்தான் தேர்ச்சி சொல்வார். பருவத்தின் நடுவே ஒத்திகை மதிப்பீடும் உண்டு. ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஏற்பாடு. ஆனால் அந்த வகுப்பறைக் கட்டுரை இருக்கிறதே, அது நம் காலத்துக்கென்றே செய்து வைத்தது போல் இருக்கிறது. வீட்டிலிருந்து வரும் கட்டுரையில் தேன் ஒழுகி, வகுப்பில் எழுதியது தத்தளித்தால் நான் சண்டைக்குப் போவதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, "இந்த வாக்கியத்தை எப்படி எழுதினாய், சொல்" என்பேன். உண்மையாக எழுதியவள் கதை கதையாகச் சொல்லுவாள். மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்குவதைப் பார்ப்பார்கள்.

ஒரு பெண் தன் வரைவுகளைப் போட்டு வைத்த உறையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஓர் ஏக்கர்கூடத் தேறாத தேயிலையை வைத்துப் பிழைக்கும் குடும்பம். அவளுடைய முதல் வரைவு, நீலகிரியின் உயிர்நாடி தேயிலை என்று தொடங்கி, பச்சைக் கம்பளத்தின் வழியே நடந்து, தேயிலையைக் காப்போம் என்று முடிந்தது. பிழை ஒன்றிரண்டுதான். தேர்வில் நல்ல மதிப்பெண் விழும். நான் சிவப்பு மை எதுவும் படாமல் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: "நேற்று உங்கள் இலையை யார் எடை போட்டார்?"

இரண்டாம் வரைவில் இலை வாங்க வருகிறவரின் தொங்கு தராசு வந்துவிட்டது. சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் முள் நின்ற இடம், மழை நாள் என்பதால் ஈரத்துக்கென்று அவர் கழித்த கிலோ, பாட்டி ஒன்றும் பேசாமல் சாக்கின் அடியைப் பிழிந்து, சொட்டாத தண்ணீரை அவருக்குக் காட்டியது. மூன்றாவதில் உயிர்நாடியும் கம்பளமும் போன இடம் தெரியவில்லை. கட்டுரை தராசிலேயே தொடங்கியது. ஆனால் ஒன்று கவனி: முதல் வரைவைவிட மூன்றாவதில் பிழை அதிகம். பச்சைக் கம்பளத்துக்கு ஆங்கிலம் நோட்ஸில் தயாராகக் கிடைக்கிறது. பாட்டி சாக்கைப் பிழிந்ததற்குக் கிடைக்காது. அவளே கட்ட வேண்டிய வாக்கியம் அது, தடுமாறத்தான் செய்யும். இந்த இடத்தில் பதறிப்போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்துவிடாதே. எடுத்தால் அவள் அடுத்த முறை கம்பளத்துக்கே திரும்பிவிடுவாள். நான் ஒரு வரைவுக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் குறிப்பேன். அவளுக்கு அப்போது இறந்தகால வினைகள். மற்றவை அடுத்த கட்டுரைக்கு.

என்னென்ன வகை வேண்டும் என்பதில் நான் ரொம்பப் பிடிவாதம் பிடிப்பதில்லை. சொந்த அனுபவம் ஒன்று, ஒரு பேட்டி, வாதிட்டு எழுதும் கடிதம் ஒன்று, பாடத்தில் படித்த கவிதையைப் பற்றி ஒன்று, அவர்கள் இஷ்டத்துக்கு ஒன்று. வாதக் கடிதத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. கரடி கடைக் கதவை உடைப்பதும், காட்டெருமை பள்ளிக்கூட வழியில் படுத்துக்கொள்வதும் எங்களுக்கு வாரச் செய்தி. வனத்துறைக்குக் கடிதம் எழுதச் சொன்னால் பாதிப் பேர் கரடியைப் பிடி என்பார்கள், பாதிப் பேர் குப்பையைக் கொட்டாதே என்பார்கள்.

பேட்டிதான் எனக்குப் பிடித்தது. 2009 நவம்பரில் இந்த மலையில் பெய்த மழையும் மண்சரிவும் உனக்கு நினைவிருக்கும், நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்ற ஆண்டு என் வகுப்பில் இருந்தவர்கள் அந்த மழையை ஒட்டிப் பிறந்தவர்கள். அந்த இரவு எங்கே இருந்தீர்கள் என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். ஒரு பையன் தாத்தாவிடம் படுக மொழியில் கேட்டு, குறிப்பைத் தமிழில் எடுத்து, கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதினான். குறிப்பையும் கட்டுரையையும் சேர்த்தே உறையில் வைக்கச் சொன்னேன். தமிழ்க் குறிப்பு ஆங்கிலத் தொகுப்பில் எதற்கு என்று சக ஆசிரியர் ஒருவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். அவன் யோசித்த தடம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. உனக்கு ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை இருக்கிறது. லாரி ஓட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறவர் என்று பேட்டிக்கு ஆளா இல்லை?

ஆண்டு முடிவில் உறையிலிருந்து எவற்றை இறுதித் தொகுப்பில் சேர்ப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நீ தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் அது உன் தொகுப்பாகிவிடும். மேலே ஒரு முகப்புக் கடிதம் வேண்டும். "என் எழுத்து எப்படி வளர்ந்தது?" என்று கேட்காதே, "ஆசிரியையின் ஊக்கத்தால்" என்று நமக்கே மாலை போட்டுவிடுவார்கள். "எந்த வரியை அடிக்க மனம் வரவில்லை? பிறகு ஏன் அடித்தாய்?" என்று கேள். பதில் வேறு மாதிரி வரும். தராசுக் கட்டுரைக்காரி, பாட்டியின் கைவிரல்களைப் பற்றி எழுதிய ஒரு வரியை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாள். இரக்கம் கேட்பது போல் இருந்ததாம். பதினாறு வயதில் இந்தத் தெளிவு நமக்கு இருந்ததா, சொல்.

திருத்தும் சுமையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாய். ஒரே நாளில் எல்லார் உறையையும் வாங்காதே. வரிசை எண்படி நாளுக்குச் சிலர் என்று பிரித்துக்கொள். வரைவுகளுக்கு மதிப்பெண் போடாதே. எண்ணைப் பார்த்தால் பிள்ளைகள் கேள்வியைப் படிப்பதில்லை. எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10 என்ற கணக்கில் இதற்கு எவ்வளவு இடம் என்று தலைமையாசிரியர் கேட்பார். பெரிதாக ஒன்றுமில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிடு. பெற்றோர் கூட்டத்தில் மட்டும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் இரண்டு உறைகளை மேசையில் திறந்து வை. தாத்தா பேட்டியைத் தாத்தாவே கேட்டு வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், தன் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார்.

ஒரு சின்னக் கவலை எங்களுக்கு மட்டும். ஐப்பசி மழையில் அலமாரியில் வைத்த தாளெல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது. பிளாஸ்டிக் உறை இந்த மாவட்டத்தில் ஆகாது. பழைய இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்றை அலுவலகத்திலிருந்து இழுத்து வந்து போட்டிருக்கிறேன். உனக்கு அந்தத் தொல்லை இல்லை, உன் ஊர் வெயிலில் தாள் அப்பளமாகத்தான் காயும்.

அம்மாவுக்கு முழங்கால் தேவலை. மேடு ஏறுவதை நிறுத்தவில்லை, சொன்னாலும் கேட்பதில்லை.

ஸ்டோனி புரூக்கில் செய்தது போல நாமும் உறைகளை மாற்றிக்கொள்ளலாமா? அரையாண்டுக்கு முன் உன் வகுப்பிலிருந்து ஐந்தாறு உறைகளைப் பெயர் மறைத்து அனுப்பு, நான் இங்கிருந்து அனுப்புகிறேன். உன் பிள்ளைகளை எனக்குத் தெரியாது, என் பிள்ளைகளை உனக்குத் தெரியாது. முகதாட்சண்யம் இருக்காது. விடுமுறையில் நீயே எடுத்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரிக்கு நேராக வரும் பஸ்ஸில் ஏறு, குன்னூர் சுற்றி வராதே. எந்த வாரம் என்பதை மட்டும் முன்னதாக எழுது.

அன்புடன்,
உன் கோத்தகிரித் தோழி