குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், தாய்மார்கள், பெரியோர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்கு எரிகிறது. வடிகாலைப் பாதி தூர்வாரியிருக்கிறார்கள், மீதி கோடையில்தானாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு சங்கத்துக்குப் பெரிய வேலை வீட்டு விவகாரம்தான். ஆற்றங்கரைத் தெருப் பாட்டி ஒருவர் 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைப் பிய்த்துப் போட்டதிலிருந்து தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறார். வீட்டு வரி ரசீது, மின் அட்டை, ரேஷன் கார்டு நகல் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. பட்டா மட்டும் இல்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். ஆனால் பட்டா இருந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும்.

பட்டா கொடுப்பது வருவாய்த் துறை. கனவு இல்லமும் பிரதமர் வீட்டுத் திட்டமும் கிராமத்தில் ஊரக வளர்ச்சித் துறையிடம். நகரத்துக் குடிசைப் பகுதிக்கு, 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கிய வாழ்விட மேம்பாட்டு வாரியம். கோயில் மனை என்றால் அறநிலையத் துறை. நம் பக்கம் கோயில் அடிமனை இல்லாத ஊர் எது? வீட்டுவசதித் துறை என்று பெயரிலேயே ஒரு துறை இருக்கிறது, கிராமத்து வீடு மட்டும் அதன் கையில் இல்லை! பாட்டியின் மனுவும் 'எங்கள் வேலை இல்லை' என்ற பதிலோடு திரும்பி வந்தது.

எனவே, மனை, பட்டா, வீடு மூன்றையும் ஒரே துறை பார்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். 1971-ன் குடியிருப்பு அனுபவதாரர் சட்டம் பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்த கூலித் தொழிலாளிக்கு முதலில் அந்த மனையைச் சொந்தமாக்கியது. மனை முதலில், வீடு அப்புறம். இன்று பணம் ஒரு துறையில், மனை இன்னொன்றில் என்று கிடப்பதால் அந்த வரிசை பிடிபடுவதில்லை.

எதிர்ப்பும் வந்தது. எல்லாவற்றையும் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டால் யாரைப் பார்ப்பது, கிராம நிர்வாக அலுவலரையாவது டீக்கடையில் பிடிக்கலாமே என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். நியாயமான கேள்வி. முடிவெடுக்கும் அதிகாரத்தோடு மாவட்டத்திலேயே ஒரு அதிகாரி வேண்டும் என்று சேர்த்த பிறகுதான் தீர்மானம் நிறைவேறியது.

திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். ரசீது கோப்பில் இருக்கிறது. பாட்டியின் பட்டா மனுவையும் தனியாகக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

இங்ஙனம்,
செயலாளர்