விளம்பரப் பிரிவிலிருந்து வந்த தலைமை

ஆசிரியர் அவர்களுக்கு,

நியூயார்க் டைம்ஸின் தலைமைச் செயல் அதிகாரி மெரிடித் கோபிட் லெவியன் குறித்த கட்டுரையைப் படித்தேன். ஃபோர்ப்ஸிலிருந்து 2013இல் அங்கே விளம்பரப் பிரிவுக்கு வந்தவர், 2020இல் தலைமைப் பொறுப்பேற்றார். விளம்பரம் பிடிப்பவருக்குப் பத்திரிகையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் விளம்பரப் பணம் நழுவுவது முதலில் தெரிவது விளம்பரப் பிரிவினருக்குத்தான். நானும் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் இருந்தவன். 'வாடகைக்கு வீடு', 'மணமகள் தேவை' எனப் பக்கம் நிறைய வந்த வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போய்விட, கடைசியில் கண்ணீர் அஞ்சலி மட்டும்தான் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

தன் செய்திகளை அனுமதியின்றிச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படுத்தியதாக, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ, மைக்ரோசாஃப்ட் ஆகிய இரு நிறுவனங்கள் மீதும் 2023 டிசம்பரில் வழக்குத் தொடுத்த நியூயார்க் டைம்ஸ், 2025 மே மாதம் அதே செயற்கை நுண்ணறிவுக்காகத் தன் செய்திகளைப் பயன்படுத்த அமேசானுடன் உரிம ஒப்பந்தம் செய்ததை முரண் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்காமல் எடுத்தால் வழக்கு, விலை கொடுத்தால் சரக்கு, அவ்வளவுதான். சரி, அவர்களுக்குத் தனியாகப் பேரம் பேசும் பலம் இருக்கிறது. தமிழ் நாளிதழ்கள் ஒன்றுசேர்ந்து பொதுவான உரிம விதிகளை வகுத்துக்கொண்டு தொழில்நுட்ப நிறுவனங்களிடம் பேச வேண்டும். அந்தக் குழுவில் விளம்பரப் பிரிவினரையும் உட்கார வையுங்கள்.

- வாசகர், மதுரை