காய்ச்சல் மட்டுமே அடையாளம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கீமோதெரபி எடுக்கும் என் அக்காவுக்குத் துணையாக மருத்துவமனையில் இருந்தேன். ஒவ்வொரு முறையும் கை கழுவிவிட்டே அவரைத் தொட்டார் செவிலியர். இந்தச் சிகிச்சையால், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்த உடலில் தொற்று வந்தாலும் சீழ், வீக்கம்கூடச் சரியாகத் தெரியாது. பல நேரம் காய்ச்சல் மட்டுமே அடையாளம். அதனால்தான் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அவசரநிலை என்கிறார்கள்; ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். வீட்டில் நாமாகப் பாராசிட்டமால் கொடுத்தால் அந்த அடையாளமும் மறைந்துவிடும். இதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தந்தால் போதாது, செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டும். அதற்கு அவருக்கு நேரம் வேண்டுமே! மருத்துவமனைகள் போதுமான செவிலியர்களை நியமிக்கட்டும். அப்புறம், சளி, இருமல் இருப்பவர்கள் தயவுசெய்து பார்க்க வராதீர்கள். போனில் பேசினாலே நோயாளிக்குத் தெம்பு வரும்.

– ஒரு வாசகர்