சேஞ்ச்-அப் கற்ற பிள்ளைக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள அம்மா அப்பாமார்களுக்கும், ஆயா தாத்தாமார்களுக்கும், அணிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

புரட்டாசி விரதம் தொடங்கிய வாரத்தில் நம் சாஃப்ட்பால் அணியில் பந்து எறியும் 13 வயது பிட்சர் பிள்ளை சேஞ்ச்-அப் பழக ஆரம்பித்தாள். வேகப்பந்து போலவே எறிந்து, மெதுவாக வரவைக்கும் பந்து அது. தீபாவளிக்குள் அதை ஆட்டத்தில் துணிந்து எறியும் அளவுக்கு வந்துவிட்டாள். யார் யார் எதைச் செய்ததால் இது கூடிவந்தது என்பதை விவரமாகவே எழுதி நன்றி சொல்கிறோம். அடுத்து ஒரு பிள்ளை பழகும்போது இதே உதவியை மறுபடியும் கேட்டு வருவோம்.

முதல் நன்றி, ஆட்டம் பார்க்க வந்த பெற்றோருக்கு. மூன்று வாரம் பந்து தரையில் குத்தியது, இல்லையென்றால் பேட்டரின் தலைக்கு மேலே பறந்தது. பந்து சரியாக வராததால் பேட்டர் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடக்கும் வால்க், ஒன்றன் மேல் ஒன்றாகப் போனது. அப்போதும் “மெதுவா போடும்மா” என்று ஒருவர்கூடக் கத்தவில்லை. இந்தப் பந்தைக் கெடுக்க அந்த ஒரு வார்த்தை போதும். கை பழைய வேகத்திலேயே சுற்ற வேண்டும், பந்து மட்டும் மெதுவாக வர வேண்டும். கையை மெதுவாக்கிவிட்டால் பேட்டர் அதைத் தோளிலேயே பார்த்துவிடுவாள்.

பந்து ஏன் அப்படி அலைந்தது என்றும் சிலர் கேட்டீர்கள். எறியும் இடத்திலிருந்து பேட்டர் முன்னால் இருக்கும் பிளேட் வரை நாங்கள் அளந்து போட்ட தூரம் 40 அடி, அதாவது 12.19 மீட்டர். பிள்ளை காலை எட்டிவைத்து எறிவதால் பந்து உண்மையில் பறப்பது சுமார் 10.5 மீட்டர். மணிக்கு 70 கிலோமீட்டரில் போனால் அதற்கு 0.54 நொடி ஆகும், 52 கிலோமீட்டரில் போனால் 0.73 நொடி. இந்தச் சின்ன வித்தியாசத்துக்குள், ஒரே கோணத்தில் விட்ட பந்து, காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஏறக்குறைய 1.2 மீட்டர் கூடுதலாக இறங்கிவிடும். அதனால்தான் முதலில் எல்லாம் பிளேட்டுக்கு முன்னாலேயே விழுந்தது. அதைச் சரிசெய்யப் பிள்ளை தோளைத் தூக்கினாள், பந்து வானத்துக்குப் போனது. தோளைத் தொடாமல், பந்தை ஒரு கண்ணிமை நேரம் பிந்தி விடுவதுதான் திருத்தம். அதைச் சொல்லிக் கொடுத்துவிட முடியாது, எறிந்து எறிந்து கைதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான நாட்களை நீங்கள் கொடுத்தீர்கள்.

கிரிக்கெட் ஆடும் மாமாவுக்குத் தனி நன்றி. புறங்கையில் விடும் ஸ்லோயர் பந்தை அவர் ஒரு மாலை எறிந்து காட்டினார். நாங்கள் வாயால் விளக்கிப் புரியாதது அதில் புரிந்தது. அவர் கை மேலிருந்து வருகிறது, நம் பிள்ளை கை கீழிருந்து வருகிறது, சூட்சுமம் ஒன்றுதான். கை உச்சியைத் தாண்டி இடுப்பை நெருங்கும்போது மணிக்கட்டு திரும்பி, விடும் நேரத்தில் புறங்கை, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரைப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே திருப்பினால் பேட்டருக்குத் தெரிந்துவிடும். விட்ட பிறகு கை தாழ்வாக முன்னே போக வேண்டும், மேலே ஏறினால் பந்தும் ஏறும்.

பிடியில்தான் நாங்கள் தடுமாறினோம். பந்தை உள்ளங்கையில் ஆழமாகப் பதித்து, ஒரு பக்கம் கட்டைவிரலும் மறுபக்கம் மோதிரவிரலும் தாங்க, நடுவில் இரண்டு விரல் இறுக்கமில்லாமல் ஒட்டியிருப்பது வழக்கமான பிடி. பந்தின் சுற்றளவு 12 அங்குலம், அதாவது 30.5 சென்டிமீட்டர். சின்னக் கைக்கு அது வழுக்கியது. வழுக்குகிறதே என்று இறுக்கினாள், இறுக்கியதும் மணிக்கட்டு மரத்துப்போனது. சுண்டுவிரலையும் சேர்த்து வைத்துப் பார்க்கச் சொன்னது அவளுடைய ஆயா. பந்து நின்றது. ஆயாவுக்கு எங்கள் வணக்கம்.

வலையும் கயிறும் கட்டிக் கொடுத்த அப்பாமார்களுக்கு நன்றி. சுருட்டிய காலுறையை 3 மீட்டரிலிருந்து வலைக்குள் 15 தடவை எறிந்து, கை திரும்புவதை மட்டும் பார்ப்பது முதல் படி. அடுத்து நிஜப் பந்து, 6 மீட்டர், முழுச் சுற்று, பந்து எங்கே போனாலும் கவலையில்லை. 9 மீட்டர் வந்த பிறகுதான் கயிறு: பிளேட்டுக்கு மேலே முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று. பத்தில் ஏழு கயிறுகளுக்கு நடுவே போன பிறகே முழுத் தூரம். அவசரப்பட்டு முன்னாலேயே கயிறு கட்டினால் பிள்ளை குறி பார்க்க ஆரம்பித்துக் கையை மெதுவாக்கிவிடுவாள். இரண்டாம் வாரம் நாங்களே அந்தத் தவறைச் செய்தோம், ஒரு வாரம் பின்னுக்குப் போய்விட்டது.

கேட்சர் பிள்ளையே, உனக்கு எப்படி நன்றி சொல்வது! பிட்சர் தைரியமாக எறிய வேண்டுமானால், தரையில் குத்தும் பந்து பின்னால் போகாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். நீ இரண்டு முழங்காலையும் மண்ணில் இறக்கி, கையுறையைக் கால்களுக்கு நடுவில் தரையில் வைத்து, தாடையை மார்போடு ஒட்டி, தோள்களை முன்னே வளைத்தாய். பந்து மார்புக் கவசத்தில் பட்டு உன் எதிரிலேயே செத்து விழுந்தது. பிடிக்கப் பார்க்காமல் உடம்பால் நிறுத்தியதுதான் சரி. உன் கையில் இருந்த நீலத் தழும்புகளை நாங்கள் பார்த்தோம்.

பேட்டர்களாக நின்ற அக்காமார்கள் ஹெல்மெட் போட்டு நின்று, மட்டையை அசைக்காமல், தெரிந்த நொடியில் “வேகம்”, “மெது” என்று குரல் கொடுத்தார்கள். பந்து கையை விட்டு வரும் முன்பே “மெது” என்றால் எங்கோ காட்டிக் கொடுக்கிறாள் என்று அர்த்தம். மூன்று இடத்தில் மாட்டினாள்: கையுறைக்குள் பிடி மாற்ற அதிக நேரம் எடுத்தாள், கீழுதட்டைக் கடித்தாள், காலைக் குட்டையாக வைத்தாள். பிடிக்கு எளிய வழி இருந்தது. எந்தப் பந்தாக இருந்தாலும் முதலில் சேஞ்ச்-அப் பிடியைப் பிடித்துக்கொண்டு, வேகப்பந்துக்கு மாற்றிக்கொள்வது. கால் அளவைச் சரிசெய்ய, வேகப்பந்தில் கால் விழும் இடத்தில் மண்ணில் கோடு கிழித்தோம். பேட்டர் நிற்கும் பக்கத்திலிருந்து கைப்பேசியில் மெதுவோட்டமாகப் படம் எடுத்த தம்பிக்கும் இதில் பங்கு உண்டு. உதடு கடிப்பதை அவன்தான் கண்டுபிடித்தான்.

பிசியோதெரபி அக்காவின் கண்டிப்புக்கு நன்றி. கீழ்க்கையில் எறிந்தால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. கையை முழு வட்டமாகச் சுற்றும் இந்த விண்ட்மில் சுற்றில் தோளின் முன்புறமும் மேற்கையின் பைசெப்ஸ் தசையும் கடுமையாக இழுபடும். ஒரு நாளைக்கு மொத்தம் 60 பந்து, அதில் சேஞ்ச்-அப் 25க்கு மேல் கூடாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், தோள் முன்பக்கம் வலித்தால் அத்தோடு நிறுத்து என்று அவர் போட்ட கணக்கை நாங்கள் மீறவில்லை. கடைசி பத்துப் பந்து எப்போதும் வேகப்பந்துதான். இல்லாவிட்டால் மணிக்கட்டு திரும்புவது வேகப்பந்திலும் ஒட்டிக்கொள்ளும்.

விரத மாதம் முழுக்க ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பிய பன்னி சவ் கொண்டுவந்த பெரியம்மாவையும், மழை பெய்த மறுநாள் பிட்சர் வட்டத்தில் உலர்மணல் கொட்டிய தாத்தாவையும் மறக்கவில்லை. டர்பன் புழுக்கத்தில் கை ஈரமானால் இந்தப் பிடி நிற்காது, கை வழுக்காமல் இருக்கப் பூசும் பிசின்தூள் கொண்ட ரோசின் பையை வாங்கித் தந்தவருக்கும் நன்றி.

இனி ஒரு வேண்டுகோள். வேகப்பந்தைத் தாமதமாகத் தொடும் பேட்டருக்குப் பிள்ளை இதை எறியாவிட்டால் ஏன் என்று கேட்காதீர்கள். மெதுப்பந்து அப்படிப்பட்டவளுக்கு நாமே கொடுக்கும் பரிசு. வேகத்துக்குப் பழகி, ஓங்கி இழுத்தடித்துக் கோட்டுக்கு வெளியே ஃபவுல் ஆக்குகிறவளுக்குத்தான் இது. மூன்றாம் பேஸில் எதிரணி ஆள் நிற்கும்போது, பந்து தவறிப் பின்னால் போனால் அவள் ஓடிவந்து ரன் எடுத்துவிடுவாள், அதனால் அப்போது கேட்சர் கேட்டால் மட்டும்.

வலையைத் திருப்பித் தர வேண்டியவர்களிடம் இந்தச் சனிக்கிழமை காலையிலேயே கொண்டுவந்து சேர்க்கிறோம். கயிறு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் எங்களிடம் இருக்கட்டும், நம் கேட்சர் பிள்ளையும் எறிந்து பார்க்க ஆசைப்படுகிறாள்.

நன்றியுடன்,
பயிற்சி தரும் நாங்கள் மூவர்