அம்மாவின் கையில் வேலை வைத்தவருக்கு

அன்புடையீர்,

கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியைகளும் வீட்டுக்கிருத்தியமும் நிறைவேறி, முற்றத்துப் பந்தல் பிரிக்கப்பட்டு, தூரத்திலிருந்து வந்த உடன்பிறப்புகளும் விமானம் ஏறிவிட்ட பின்னர், மூத்த மகளாகிய நான் குடும்பத்தார் அனைவரின் சார்பிலும் இந்த மடலை எழுதுகிறேன். அம்மா நோயில் கிடந்த காலத்தையும் அவர் எங்களைப் பிரிந்த நாளையும் உங்களில் பெரும்பாலோர் எங்களோடு கூட இருந்தே கண்டீர்கள். அவற்றை மீண்டும் விரித்துரைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வழக்கம்போல் கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல் என்று நான்கு வரி அச்சிட்டிருக்கிறோம். ஆயினும் ஒருவருக்குச் சொல்ல வேண்டியது அந்த நான்கு வரியில் அடங்கவில்லை.

அம்மா 1934 இல் நீர்வேலியில் பிறந்து, இருபதாவது வயதில் அதே ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, தொண்ணூறு வயது கடந்தும் அந்தச் செம்மண்ணை விட்டு விரும்பிப் போகாதவர். விரும்பாமல் ஒரு முறை போனார். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, போர் நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவில், நாங்கள் நகையையும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் தேடிக்கொண்டிருக்க, அவர் கடகத்தில் எடுத்து வைத்தது நீத்துப்பெட்டியும் சில கொத்து வறுத்த மாவும். மட்டுவிலில் நாங்கள் ஒதுங்கிய பள்ளிக்கூடத்தில் மறுநாள் காலை பசித்து அழுத பிள்ளைகளுக்கு, அவை எவருடைய பிள்ளைகள் என்று பாராமல், பிட்டு அவித்துக் கொடுத்தது அந்த நீத்துப்பெட்டியில்தான். அதற்கு முன்னர், 1990 இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்று மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கிடைத்தற்கரியனவாகிவிட்ட ஆண்டுகளில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்த விளக்கொளியில் எங்கள் கடைக்குட்டியை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க வைத்ததும், பனம்பழத்துக் களியால் துணி தோய்த்து எங்களை வெள்ளை உடுப்போடு அனுப்பியதும் அவரே. 2022 இல் எரிவாயுவுக்கு நாடே வரிசையில் நின்றபோது, அயல் வீட்டு இளம்பெண்களுக்கு ஈர விறகைப் புகையாமல் எரிக்கும் வகையைக் காட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டுப்பாட்டை அவர் ஒரு பெரிய விடயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும், எங்கள் முறைப்பாடுகளைக் கேட்டு இலேசாகச் சிரித்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பதும், மாதர் சங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தவணை தவறாமல் சீட்டு நடத்தியதும், பிள்ளைப்பேற்று வீடுகளுக்கு மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, உள்ளி என்று அளவு பார்த்துச் சரக்கு அரைத்துக் கொடுத்ததும் நீங்கள் அறிந்தவை. செத்த வீட்டுக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் தங்கள் பிறப்புக்கு அம்மா அரைத்த சரக்கைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். ஆகவே உங்களில் பலர் ஓடி வந்து உதவியதில் பழைய உறவும் பழைய கடனும் உண்டு. எங்கள் மேற்கு வளவில் வாடகைக்கு இருக்கும் தங்கச்சிக்கோ அப்படி எதுவும் இல்லை. போர் முடிந்த பின்னர் வன்னியிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தவர் அவர். விடியப்புறம் மூன்று மணிக்கு எழுந்து இடியப்பம் அவித்து, சொதியும் சம்பலும் ஆக்கி, கடைகளுக்குக் கொடுத்துச் சீவிக்கிறார். தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நான் போடவில்லை.

கட்டிலோடு கிடந்த கடைசி மாதங்களில் அம்மாவைப் பார்க்க வந்த எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "ஆச்சி, நீங்கள் செய்தது காணும், இனிப் பேசாமல் படுங்கோ." அன்பினால் சொன்னதுதான். தோடம்பழமும் அப்பிளும் பிஸ்கற்றும் மேசையில் குவிந்தன. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் ஏற்றி இறக்கும் கட்டில் வந்தது. பகலுக்கு ஒரு பெண்ணும் இரவுக்கு ஒரு பெண்ணும் பராமரிப்புக்கு வந்தார்கள். அம்மா எதையும் குறை சொல்லவில்லை. அவருடைய விரல்கள் மட்டும் போர்வையின் ஓரத்தை நாள் முழுவதும் நிமிண்டிக்கொண்டே இருந்தன.

ஒரு பின்னேரம் மேற்கு வளவுத் தங்கச்சி சுளகில் வெங்காயத்தோடு வந்தார். பம்பாய் வெங்காயம் அன்று, சம்பலுக்குப் போடும் எங்கள் ஊர்ச் சின்ன வெங்காயம். நலம் விசாரிக்கவில்லை, வருத்தம் எப்படி என்று கேட்கவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி, அம்மாவின் மடியில் ஒரு பழைய சேலைத் துண்டை விரித்து, அதன்மேல் சுளகை வைத்தார். "ஆச்சி, இதை ஒருக்கா உரிச்சுத் தாங்கோ. எனக்குக் கை காணாமல் கிடக்கு," என்றார். அம்மா ஒரு வெங்காயத்தை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஈர வெங்காயம், பிள்ளை. இது நாலு நாளும் நில்லாது. எந்தக் கடையிலை வாங்கினனீ?" என்று கேட்டார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் தாமாகத் தொடங்கிய முதற் பேச்சு அது.

அன்று பொழுதுபடும்வரை உரித்தது ஒரு சுண்டுதான் இருக்கும். தோல் போகாதவையும் நகம் பட்டு நசுங்கியவையும் அதில் கலந்திருந்தன. தங்கச்சி அதை எண்ணிப் பார்க்கவுமில்லை, ஆகா ஓகோ என்று புகழவுமில்லை. இன்னும் கொஞ்சம் விரைவாக உரித்தால் நல்லது என்று சொல்லிவிட்டுக் கொண்டுபோனார். எனக்கு முதலில் சுருக்கென்றது. அம்மாவுக்கு அப்படியில்லை. மறுநாள் மதியமே, வெங்காயம் வந்துவிட்டதா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

அதன்பின் ஒவ்வொரு பின்னேரமும் ஏதாவது ஒன்று வந்தது. சில நாள் உள்ளி, சில நாள் செத்தல் மிளகாய்க் காம்பு கிள்ளுதல், கை மிகவும் நடுங்கிய நாட்களில் முருங்கையிலை உருவுதல். கை ஓடாத நாளில் வாய்க்கு வேலை வைத்தார்: ஆடிக்கூழுக்குப் பனங்கட்டியை எப்போது கரைப்பது, ஒடியல் மாவின் கசப்பு நீங்க எத்தனை தரம் தண்ணீர் மாற்றுவது, சரக்குக்கு மிளகு எவ்வளவு, மல்லி எவ்வளவு என்று ஒன்றொன்றாகக் கேட்டுத் தம் மகனின் பழைய கொப்பியில் எழுதிக்கொண்டார். நாட்டில் அத்தனை சமையல் தெரிந்த ஒருவருக்கு ஒடியற்கூழ் தெரியாமலிருக்குமா என்று நான் நினைத்ததுண்டு. கேட்கவில்லை. கணக்குப் பார்த்தால் அவருக்கு இதனால் நட்டமே. உரித்ததைத் திருப்பி உரிக்க வேண்டியிருந்திருக்கும், நித்திரைக்கென்று கிடைத்த சொற்ப நேரமும் எங்கள் வீட்டில் கழிந்திருக்கும்.

முதற் கிழமை முடிவில் அவர் சில நூறு ரூபாய்த் தாள்களை மடித்து அம்மாவின் கையில் வைத்தார். நான் மறிக்கப் போனேன். "வேலை செய்ததுக்குத் தாறாள். நீ ஏன் இடையிலை?" என்று அம்மா என்னை அதட்டிவிட்டு, தாள்களை விரித்து எண்ணி, "இந்தக் காசுக்கு முந்தி ஒரு மூடை அரிசி வாங்கலாம்," என்று முறைப்பட்டுக்கொண்டே கொட்டைப்பெட்டிக்குள் வைத்தார். அம்மா காசு காணாதவர் அல்லர். பால் விற்றார், முட்டை விற்றார், ஒடியல் விற்றார். ஆனால் அந்தப் பணம் அவர் கையில் தங்கியதே இல்லை, எங்கள் கொப்பிக்கும் தோட்டத்துப் பசளைக்கும் வழியிலேயே பிரிந்துவிடும். கூலி என்று சொல்லி ஒருவர் அவர் கையில் பணம் வைத்தது, எனக்குத் தெரிந்தவரை, தொண்ணூறு வயதில் அதுவே முதல் தடவை. வீட்டு வேலையில் மட்டும் ஈடுபட்டிருப்போரைப் பொருளாதார ரீதியில் செயற்படாதோர் என்றே எங்கள் நாட்டின் தொழிற்படை மதிப்பீடு வகுக்கிறது. மரணத்தைப் பதியச் சென்றபோதும் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். இல்லத்தரசி என்றேன். மேற்கு வளவுத் தங்கச்சி கூட இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பார் என்று பதிவு முடிந்து திரும்பும்போது தோன்றியது.

கொட்டைப்பெட்டியில் சேர்ந்த கூலியை அம்மா சும்மா வைத்திருக்கவில்லை. தங்கச்சியின் இடியப்ப உரல் உடைந்து புதியது வாங்கப் பணம் போதாமற் போனபோது, தம்முடைய கூலி முழுவதையும் எண்ணி அவருக்கே கடன் கொடுத்தார். "வட்டி வேண்டாம். தவணை மட்டும் தவறப்படாது," என்பது நிபந்தனை, சீட்டுக்காரியின் குரல் அன்று முழுமையாக வெளிப்பட்டது. எட்டுச் செலவுச் சடங்குக்கும் அந்தியேட்டிக்கும் இடையில் அந்தத் தவணை நாள் வந்தது. தங்கச்சி பணத்தோடு படலையைத் திறந்து வந்தார். கனடாவிலிருந்து வந்திருந்த தம்பி, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கோ என்று சொல்ல வாயெடுத்தான். நான் அதற்குள் கை நீட்டி வாங்கிவிட்டேன். கடனை விட்டுக்கொடுத்திருந்தால், இரண்டு பெண்கள் சரிக்குச் சமமாக நடத்திய கொடுக்கல் வாங்கலை நாங்கள் தருமமாக்கியவர்களாவோம். அந்தப் பணத்தை மாதர் சங்கச் சேமிப்பில் அம்மாவின் பெயரால் கட்டியிருக்கிறேன்.

தங்கச்சி, உமக்கு நன்றி சொன்னால் நீர் வெட்கப்படுவீர் என்பது தெரியும். எங்கள் தாயாரை நோயாளியாக அல்லாமல், வேலை தெரிந்த ஒரு மனுசியாக இறுதிவரை நடத்தினீர். நாங்கள் ஐந்து பிள்ளைகளும் இதனை மறவோம்.

ஏனையோருக்கும் எங்கள் நன்றி உரியது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அம்மாவைப் பார்த்த வைத்தியர்கள், தாதியர், இரவிரவாக விடுதியைத் துப்புரவாக வைத்திருந்த சிற்றூழியர்கள், எந்த நேரம் அழைத்தாலும் வந்த முச்சக்கர வண்டித் தம்பி, குருதி கொடுத்தவர்கள், எங்கள் அடுப்பு மூட்டப்படாத நாட்களில் வேளை தவறாமல் சோறும் கறியும் கொண்டுவந்த அயலார், கதிரை சுமந்து பந்தல் போட்ட சனசமூக நிலையத்து இளைஞர்கள், கிரியைகளை நடத்தித் தந்த குருக்கள், சுண்ணம் இடிக்கையில் திருப்பொற்சுண்ணம் பாடியவர்கள், பறை முழக்கியவர்கள், நேரில் வர இயலாமல் தொலைபேசியில் அழுத உறவுகள் ஆகிய அனைவருக்கும் தலைவணங்குகிறோம். கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் கட்டிய நண்பர்களுக்கும் நன்றி. மின்கம்பங்களில் இன்னும் தொங்குபவற்றை அவர்களே கழற்றிவிட்டால் அந்த நன்றி இரட்டிப்பாகும்.

கல்வெட்டில் அம்மாவைப் புகழும் விருத்தப்பாக்கள் ஏன் இல்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கூலிக்கு எழுதுவிக்கும் பாடல்களில் எல்லாத் தாய்மாரும் ஒரே முகத்தோடு இருப்பதாக எனக்குப் படுவதால், அவற்றுக்குப் பதிலாகத் தங்கச்சியின் கொப்பியில் இருந்த சரக்கு அளவுகளையும் கூழ்ப் பக்குவங்களையும் அப்படியே அச்சிட்டோம். அம்மாவின் பிடியரிசிப் பானை அதே இடத்தில் இருக்கிறது. நாள்தோறும் அதில் ஒரு பிடி விழும். நானும் இனிமேல் வருத்தக்காரரைப் பார்க்கப் போகும் வீடுகளுக்குத் தோடம்பழப் பையோடு மட்டும் போவதில்லை. ஒரு கட்டு முருங்கையிலையும் கொண்டு போவேன், உருவித் தருமாறு கேட்பேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். செத்த வீட்டுச் சமையலுக்கு இரவல் வந்த பாத்திரங்களில் பெயர் வெட்டப்படாத இரண்டு கிடாரங்களும், ஒரு நீளப் பிடி அகப்பையும், மூடியில்லாத ஒரு தேநீர்ச் சட்டியும் எங்கள் குசினியில் எஞ்சியிருக்கின்றன. உரியவர்கள் பின்னேரங்களில் வந்து அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள்
நீர்வேலி