வேதாரண்யம் என்றால் உப்பு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் பிறந்தால்தான் எங்கள் வேதாரண்யம் தாலுகா நாளிதழ்களில் தலைகாட்டுகிறது. 1930 உப்புச் சத்தியாகிரக யாத்திரை, ராஜாஜி, அகஸ்தியம்பள்ளி, ஒரு பிடி உப்பு; அத்துடன் சரி. தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டியபோது, சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்த வழியோர ஊர்க்காரர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? முகம் மழிக்க உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும், பாதியிலேயே கத்தியை மடக்கிவிட்டுச் சிறைக்குப் போன வைரப்பனை? (மீதித் தாடியுடன் அந்தப் போலீஸ்காரர் எப்படி வீடு போய்ச் சேர்ந்தாரோ!)

தெற்கே இறங்கி வரும் கடற்கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. அங்கே வெளிமான்கள் மேயும் காடு, பக்கத்திலேயே உப்பளம், கருப்பம்புலம், ஆயக்காரன்புலம் பக்கம் மணற்பாங்கில் முல்லைத் தோட்டங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் மாவையும் தென்னையையும் வேரோடு சாய்த்தது. அதுவும் பழங்கதையாகிவிட்டது.

மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் பாத்தி மிதிக்கும் குடும்பங்கள் எதைக்கொண்டு உலை வைக்கின்றன என்று உங்கள் நிருபர் ஒருவர் ஐப்பசியில் வந்து கேட்டு எழுதட்டும். ஏப்ரலில் நினைவுத்தூணுக்கு மாலை போடும் படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

– ஒரு வாசகர், வேதாரண்யம்