எலுமிச்சைத் தண்ணீர் குடித்த கையோடு பிரஷ்ஷை எடுக்காதே, அம்மிணி

கோபிசெட்டிபாளையம்

அம்மிணி,

காலையில் எலுமிச்சைத் தண்ணீர், டிபன் எல்லாம் முடிந்து, ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில்தான் பல் தேய்ப்பதாக நேற்று சொன்னாய். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. போனில் சொன்னால் "சரிங்கப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் ஏழெட்டு வருஷம் இதையேதான் செய்தேன். தோட்டத்து எலுமிச்சை, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர், உடனே பிரஷ். போன ஐப்பசியில் பச்சைத் தண்ணீர் பட்டாலே பல் கூச ஆரம்பித்தது. ஈரோட்டில் பல் டாக்டர் கையில் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஈறோரம் பல்லின் கெட்டியான மேல் அடுக்கான எனாமல் தேய்ந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் தெரிந்தது. போன எனாமல் திரும்ப வளராது, கண்ணு.

புளிப்பை பி.எச். என்று ஒரு கணக்கில் அளக்கிறார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்குமாம். எலுமிச்சைச் சாறு 2, 3-க்குள்தான் நிற்கிறது. அப்படி இளகின பல்லை எச்சில்தான் மெல்ல மெல்லத் திரும்ப இறுக்க வேண்டும். அதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் பிரஷ் போடுவது, சாணி மெழுகின திண்ணையை ஈரம் காயுமுன் சீமாறால் கூட்டுகிற மாதிரி.

எழுந்ததும் முதல் வேலையாகத் தேய்த்துவிடு. ராத்திரி எச்சில் குறைவாகச் சுரப்பதால் வாயில் கிருமி பெருகிக் கிடக்கும். அதை எடுத்துவிட்டு, ஃபுளோரைடு பேஸ்ட்டின் காப்போடு சாப்பிட உட்காரலாம். என் அப்பா, உன் அப்பாரு, வேப்பங்குச்சியை மென்றுகொண்டே தடப்பள்ளி வாய்க்கால் வரை நடப்பார். பல் விளக்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். இந்தக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் வழக்கம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

எலுமிச்சையை விட மனசில்லை என்றால் டிபனோடு குடித்துவிட்டு, வெறும் தண்ணீரில் கொப்பளி. அது போதும். பிரஷ் மெத்தென்று இருக்கட்டும், 2 நிமிஷம் தேய். அப்புறம், படுக்கும் முன் தேய்ப்பதை மட்டும் எவ்வளவு அசதியானாலும் விடாதே.

ஜில்லென்று குடித்தால் கூசுகிறதா என்று பார்த்துச் சொல். கூசினால் தீபாவளிக்கு வரும்போது ஈரோடு போய்க் காட்டிவிடலாம், நானே கூட்டிப் போகிறேன்.

அப்பா